சிசரோவின் காதுகள் எதனால் களைத்தன?

வாசகர் ஒருவரின் கேள்வி: "கவிஞர் ஆர்க்கியாஸுக்காக ரோமானிய வழக்கறிஞர் சிசரோ வாதாடிய உரையைத் தமிழாக்கிப் பார்க்கிறேன். அதில் 'கொன்வீக்கியும்' என்ற லத்தீன் சொல் வருகிறது. என்னிடமுள்ள சிறிய அகராதியில் 'வசவு' என்றிருக்கிறது. 'வசவு கேட்டுக் களைத்த காதுகள்' என்று எழுதினால், யாரோ சிசரோவைத் திட்டித் தீர்த்த மாதிரி ஆகிவிடுகிறது. வேறு என்ன போடலாம்?"

உங்கள் சந்தேகம் சரிதான். அந்த இடத்தில் யாரும் யாரையும் திட்டவில்லை. கி.மு. 62இல் நடந்த வழக்கு அது. இந்தக் கவிஞர்மேல் உமக்கு ஏன் இவ்வளவு பிரியம் என்று கேட்டால் என்ன சொல்வேன் என்று சிசரோவே ஒரு பதில் சொல்கிறார்: நீதிமன்ற இரைச்சலுக்குப் பிறகு மனம் தேறவும் காதுகள் ஓயவும் இவரிடம் இடம் கிடைக்கிறது. ரோமில் வழக்குகள் பெரும்பாலும் ஃபோரம் என்ற திறந்தவெளியில்தான் நடக்கும். ஒருபக்கம் வாதம், சுற்றிலும் கூட்டம், பக்கத்திலேயே கடைகள். நாள்முழுக்க அதைக் கேட்டவருக்குக் காது வலிக்காதா? 'கூச்சல்' என்று போடுங்கள். அதே வாக்கியத்தில் 'ஸ்ட்ரெபிட்டுஸ்' என்று இன்னொரு சொல்லும் இருக்கிறது. அதை 'இரைச்சல்' ஆக்கிவிட்டால் இரண்டும் முட்டிக்கொள்ளாது. "கூச்சல் கேட்டுச் சலித்த காதுகள்" என்பது தமிழிலும் உறுத்தாமல் நிற்கிறது.

அப்படியானால் அகராதி தவறா? இல்லை, பாதியைத்தான் சொல்கிறது. இந்தச் சொல்லின் அடியில் இருப்பது குரல்தான், வசவு பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய சட்ட அறிஞர் உல்பியன், பல குரல்கள் ஒன்றாகச் சேர்வதால் இந்தப் பெயர் என்கிறார். 'வோக்ஸ்' என்றால் குரல், 'கொன்' என்றால் கூட. தெருவைக் குறிக்கும் 'வீக்குஸ்' என்ற சொல்லோடு இணைத்த பழைய விளக்கமும் ஒன்று உண்டு. எதை எடுத்தாலும் நாலு பேர் காதில் விழுகிற சத்தம் என்பது மாறாது.

அந்தச் சத்தம் ஒருவரை அவமானப்படுத்துவதற்கென்றே எழும்போதுதான் சட்டம் உள்ளே வருகிறது. நல்லொழுக்கத்துக்கு மாறாக ஒருவர்மேல் கொன்வீக்கியும் செய்தவர்மீதும், செய்யவைத்தவர்மீதும் வழக்குத் தொடுக்கலாம் என்று பிரேட்டர் என்ற நீதி அதிகாரியின் அறிவிப்பு சொன்னது. இதற்கு உல்பியன் எழுதிய விளக்கம், 533இல் பேரரசர் ஜஸ்டினியன் வெளியிட்ட டைஜஸ்ட் என்ற சட்டத் தொகுப்பின் 47ஆம் நூலில் இருக்கிறது. மொழிபெயர்ப்பவர் அவசியம் படிக்கவேண்டிய பகுதி. எல்லா வசவும் கொன்வீக்கியும் ஆகாது, உரக்கக் கத்திச் சொன்னதுதான் ஆகும் என்கிறார். கத்தியவர் ஒருவரா பலரா என்பது பொருட்டில்லை. கூட்டத்துக்கு நடுவில் சொன்னாரா என்பதுதான் கேள்வி. தான் வாயே திறக்காமல் ஆளை ஏவிக் கத்தவைத்தவரும் குற்றவாளிதான். இன்னொன்று: ஆள் வீட்டில் இல்லாதபோது வாசலுக்கு வந்து கத்திவிட்டுப் போனாலும் குற்றமே, அவருடைய கடைக்குப் போய்க் கத்தினாலும் அப்படியே. 'வாசலில் நின்று மானத்தை வாங்கிவிட்டான்' என்று நாம் சொல்வோமே, கிட்டத்தட்ட அதுதான். சட்டப் பகுதிகளில் வெறும் 'வசவு' என்று போட்டால் இந்த வாசலும் கூட்டமும் காணாமல் போய்விடும். 'கூவி ஏசுதல்' என்பது என் தேர்வு. (இது விழும் பெரிய தலைப்பு 'இன்யூரியா', அதாவது ஒருவரின் உடலுக்கோ மானத்துக்கோ செய்யும் தீங்கு. இலங்கையில் சட்டம் படித்தவர்களுக்கு ரோமன்-டச்சுச் சட்டம் வழியாக அந்தச் சொல் பழக்கமாக இருக்கும்.)

இரண்டு பொருளுக்கும் நடுவில் நிற்கும் இடங்கள்தான் தலைவலி. கி.மு. 56 பிப்ரவரியில் மிலோ என்ற அரசியல்வாதியின் வழக்கில் தளபதி பாம்பே பேச எழுந்தார். மிலோவின் எதிரி குளோடியஸின் கூலியாட்கள் பேச்சு முடியும்வரை கத்தித் தீர்த்தார்கள். தம்பி குவின்டுஸுக்கு எழுதிய கடிதத்தில் சிசரோ அதை விவரிக்கும்போது வெறும் குரலெழுப்பல், கொன்வீக்கியும், வசைச்சொற்கள் என்று மூன்றையும் தனித்தனியே சொல்கிறார். பிறகு குளோடியஸ் தன் ஆட்களைப் பார்த்து, "மக்களைப் பட்டினிபோட்டுக் கொல்வது யார்?" என்று கேட்க, "பாம்பே!" என்று பதில் வந்ததாம். வசைக்கென்று வேறு சொல் பக்கத்திலேயே இருப்பதால் இங்கே 'ஏளனக் கூச்சல்' என்பேன். 'வசவும் வசைச்சொற்களும்' என்று எழுதினால் வாசகர் சிரிப்பார்.

அடுத்துவரும் சொற்களைப் பார்ப்பதுதான் நான் செய்யும் எளிய சோதனை. 'ஃபாக்கெரே' (செய்தல்) என்ற வினையும், யார்மேல் என்று சொல்லும் நான்காம் வேற்றுமைப் பெயரும் சேர்ந்து வந்தால், பெரும்பாலும் யாரோ ஏச்சு வாங்குகிறார்கள். ஆள் யாரும் இல்லாமல் சொல் தனியே நின்றால் முதலில் சத்தத்தையே நினையுங்கள்.

விளையாட்டாகவும் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். லத்தீனில் நீதிக்கதைகள் எழுதிய ஃபீட்ருஸின் கதையில் சூரியன் கல்யாணம் செய்யப்போகிறான் என்று தவளைகள் வானம்வரை கத்துகின்றன. அந்தக் கொன்வீக்கியும் தாங்காமல்தான் கடவுளரின் தலைவர் ஜுப்பிட்டர் என்ன சங்கதி என்று விசாரிக்கிறார். கவிஞர் ஓவிட் ஒருபடி மேலே போய், மேக்பை பறவைகளையே 'காடுகளின் கொன்வீக்கியும்' என்று அழைக்கிறார். சத்தம்போடுபவரே சத்தமாகிவிடுகிறார். எனக்குப் பிடித்தது சிசரோ தம்பிக்கு எழுதிய இன்னொரு கடிதத்தின் முதல் வரி. கடிதம் போடச்சொல்லித் தம்பி மெழுகுப் பலகையில் எழுதி அனுப்பியிருக்கிறார். அண்ணனின் பதில்: "உன் பலகைகள் கூப்பாடு போட்டுக் கேட்டதால்தான் இந்தக் கடிதம்." இங்கே 'கூப்பாடு' தவிர வேறெதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்புறம், பழைய பதிப்புகளில் இதே சொல்லை (convicium) நடுவில் வரும் 'c'க்குப் பதில் 't' போட்டு அச்சிட்டிருப்பார்கள். வேறு சொல் என்று நினைத்துத் தேடி அலையவேண்டாம்.