நின்றுபோன ஜீவனாம்சத் தொகையை வசூலிப்பது குறித்து

கோத்தகிரி சகோதரி அவர்களுக்கு வணக்கம். குழந்தைக்கு மாதந்தோறும் பணம் தரும்படி நீதிமன்றம் உத்தரவிட்டும், தந்தை திருப்பூர் பனியன் கம்பெனி வேலைக்குச் சென்றபின் பத்து மாதமாக ஒன்றும் அனுப்பவில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

ஒவ்வொரு மாதத் தொகையும் தரவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் வசூல் மனு போட்டால்தான் அதை வசூலிக்க நீதிமன்ற வாரண்ட் கிடைக்கும் என்பதால், "அடுத்த மாதம் தருகிறேன்" என்ற வாட்ஸ்அப் செய்திகளை நம்பி நீங்கள் காத்திருப்பது அவருக்கு மட்டுமே லாபம். வாரண்டுக்குப் பிறகும், தகுந்த காரணமின்றி அவர் தராவிட்டால், நிலுவையுள்ள ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை விதிக்கலாம். சிறை சென்றாலும் பாக்கி தீராது என்று உச்ச நீதிமன்றம் 1989இல் தீர்ப்பளித்துள்ளது.

ஜீவனாம்சம் பற்றிய, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்.) 144ஆம் பிரிவு ஆகிவிட்டது. பழைய பிரிவில் பெற்ற உத்தரவும் செல்லும். அவர் இருக்கும் ஊரின் மாஜிஸ்திரேட்டும் அதைச் செயல்படுத்தலாம் என்பதால், அவருடைய திருப்பூர் முகவரியையும் கம்பெனி பெயரையும் மனுவில் தவறாமல் எழுதுங்கள்.

உத்தரவு நகலைக் கட்டணமின்றிப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. பணம் வராத மாதங்களைக் குறித்த பாஸ்புக் நகலுடன் ஊட்டியிலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகினால், பெண் என்ற முறையில் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் கிடைப்பார். முன்னதாக 15100 என்ற சட்ட உதவித் தொலைபேசி எண்ணிலும் விசாரிக்கலாம்.