340 நல்ல விமர்சனம் இருந்தால் நம்பலாமா?

கிரிப்டோ வாங்குவது, விற்பது, டெலிகிராம் குழுக்களில் பேரம் பேசுவது பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில்கள். 'எந்தக் காயின் ஏறும்?' என்ற கேள்விகளை எடுத்துக்கொள்ளவில்லை.

குழுவில் ஒருவர் யுஎஸ்டிடி (டாலர் விலையை ஒட்டியே நிற்கும் கிரிப்டோ) விற்கிறார். 340 பேர் நல்லபடியாக எழுதியிருக்கிறார்கள். விலை சந்தையைவிட 3 ரூபாய் குறைவு. 4 லட்சம் ரூபாயை முன்பணமாக அனுப்பச் சொல்கிறார். அனுப்பலாமா?
(வாசகர், திருப்பூர்)

அனுப்பாதீர்கள். 340 என்ற எண்ணை விட்டுவிட்டு, அந்த 340 பேரும் எவ்வளவுக்கு வாங்கினார்கள் என்று மேலே தள்ளிப் பாருங்கள். பெரும்பாலும் 50, 100 யுஎஸ்டிடி கைமாறியிருக்கும். 100 யுஎஸ்டிடியில் நேர்மையாக நடந்தவர் 4 லட்சத்திலும் அப்படியே நடப்பார் என்பதற்கு அது சாட்சி இல்லை. ஓடிப்போகிற சீட்டுக்காரரும் முதல் பத்து மாதம் தேதி தவறாமல்தான் கொடுத்திருப்பார்.

ஒரு கணக்குப் போடலாம். ஒருவர் தினம் 5,000 யுஎஸ்டிடி விற்கிறார், ஒன்றுக்கு 1 ரூபாய் லாபம் என்று வையுங்கள். நாளுக்கு 5,000 ரூபாய், மூன்று மாதத்துக்கு 4.5 லட்சம். அந்தப் பெயர் கெட்டால் புதுப் பெயரில் மறுபடி தலையெடுக்க மூன்று மாதம் ஆகும் என்றால், அவருடைய நற்பெயரின் விலை ஏறக்குறைய அவ்வளவுதான். உங்களைப் போல நான்கு பேருடைய முன்பணம் ஒரே நாளில் அவர் கையில் சேர்ந்தால், பெயரைக் காப்பாற்றுவதைவிட விற்றுவிடுவது லாபம். அதனால் 'இவர் நல்லவரா?' என்று கேட்பதைவிட, 'இந்த நிமிஷம் இவர் கையில் மற்றவர் பணம் எவ்வளவு நிற்கிறது?' என்று கேளுங்கள்.

3 ரூபாய் குறைவு என்பதும் சலுகை இல்லை. ஆளுக்கு ஆள் நேராக வாங்கி விற்கும் இந்திய பி2பி சந்தையில் யுஎஸ்டிடி பொதுவாக வங்கி டாலர் விலைக்கு மேலேதான் போகும். அதைவிடக் குறைத்து நஷ்டத்துக்கு விற்பவரிடம் சரக்கே இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் அது அவருடையதாக இல்லாமல் இருக்கலாம்.

இதற்குப் பழைய உதாரணம் டெக்ஸாஸ்காரர் ட்ரென்டன் ஷேவர்ஸ். 2011-12இல் 'பைரேட்அட்40' என்ற பெயரில் 'பிட்காயின் சேவிங்ஸ் அண்ட் ட்ரஸ்ட்' நடத்தினார். வாரத்துக்கு 7% வரை வட்டி. அதைக் கூட்டு வட்டியாகப் போட்டால் 1,000 ரூபாய் ஓர் ஆண்டில் ஏறக்குறைய 33,700 ஆக வேண்டும். இதைக் கணக்குப் போட்டுச் சொன்னவர்கள் அப்போதே இருந்தார்கள். ஆனால் வட்டி ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. வாங்கியவர்கள் எல்லோரும் அவருக்காகப் பேசினார்கள். இன்னொன்றும் நடந்தது. நல்ல பெயர் உள்ள சிலர் தங்கள் பெயரில் சிறு தொகைகளை வசூலித்து அவரிடம் போட்டார்கள். 2012 ஆகஸ்டில் கடை மூடியபோது அவர்கள் பெயரும் சேர்ந்து போனது. அவர் திரட்டியது 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பிட்காயின் என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2013இல் வழக்குப் போட்டது. 2016இல் ஒன்றரை ஆண்டு சிறைத் தண்டனை.

உங்களுக்கு யுஎஸ்டிடி வேண்டுமானால், மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்த எக்ஸ்சேஞ்சில் (கிரிப்டோ வாங்கி விற்கும் தளத்தில்) வாங்குங்கள். குழுவில்தான் வாங்க வேண்டும் என்றால், அந்த 340 பேரில் உங்களுக்கு நேரில் தெரிந்த இரண்டு பேராவது இருக்கிறார்களா என்று பாருங்கள். பிட்காயின்-ஓடிசி என்ற பழைய வியாபாரக் குழுவில் -10 முதல் +10 வரை மதிப்பெண் போடும் முறை இருந்தது. அங்கே மொத்தக் கூட்டுத்தொகையை வைத்து முடிவெடுக்காதே, நீ நம்புகிறவர்கள் அவருக்கு என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார் என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். முன்பின் தெரியாத 340 பேர் ஒரே ஆளின் 340 கணக்குகளாகவும் இருக்கலாம்.

பி2பியில் யுஎஸ்டிடி விற்றேன். வாங்கியவருக்கு 98% நிறைவு விகிதம். பணம் சரியாக வந்தது. மூன்று வாரம் கழித்து வங்கிக் கணக்கு முடங்கிவிட்டது. நான் செய்த தவறு என்ன?
(வாசகி, கோயம்புத்தூர்)

நிறைவு விகிதம் சொல்வது, ஆர்டரை எடுத்தவர் பாதியில் விடாமல் பணம் அனுப்பினார் என்பதை மட்டும். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று அது சொல்லாது. திருட்டுப் பணத்தை யுஎஸ்டிடி ஆக்க நினைப்பவர் மிக ஒழுங்காக, மிக வேகமாக, சில நேரம் சந்தைக்கு மேலும் விலை கொடுத்து வாங்குவார். அதனால் அவருடைய மதிப்பெண் நன்றாகவே இருக்கும்.

வேறு ஊரில் ஏமாந்த ஒருவர் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் புகார் சொல்கிறார். அவருடைய பணம் போன கணக்கு, அங்கிருந்து போன அடுத்த கணக்கு, அதற்கடுத்தது என்று சங்கிலியாகத் தேடி எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கிறார்கள். நீங்கள் அந்தச் சங்கிலியில் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ இருக்கிறீர்கள்.

முதலில் வங்கிக் கிளைக்கு எழுத்தில் கொடுத்து நான்கு விவரம் வாங்குங்கள்: புகாரின் ஒப்புகை எண், எந்த மாநிலத்தின் எந்தக் காவல் நிலையம், விசாரணை அதிகாரியின் மின்னஞ்சல், பிரச்சினைக்குரிய தொகை. பிறகு அந்த அதிகாரிக்கு ஒரே மின்னஞ்சலில் பி2பி ஆர்டர் எண், யுஎஸ்டிடி விடுவிக்கப்பட்ட நேரம், பரிவர்த்தனை ஐடி, ஆர்டரில் நடந்த உரையாடல், பணம் வந்த வரியுள்ள வங்கி அறிக்கை, அந்த யுஎஸ்டிடியை நீங்கள் எப்போது எங்கே வாங்கினீர்கள் என்பதற்கான ஆதாரம் எல்லாவற்றையும் அனுப்புங்கள். 30% வரிக்கும் 1% டிடிஎஸ்ஸுக்கும் கணக்குக் காட்டியிருந்தால் அதையும் சேருங்கள். வழக்கமாக வாங்கி விற்பவர் என்பதற்கு அது பலமான சான்று. கணக்கு முழுவதையும் விடுவிக்கச் சொல்லி மட்டும் கேட்காமல், பிரச்சினைக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடுவிக்கும்படியும் கேளுங்கள். வங்கிக்கும் அதே கோரிக்கையை வையுங்கள். பதில் வராவிட்டால் வழக்கறிஞர் மூலம் நீதிமன்றத்தை அணுக வேண்டியிருக்கும். 'பாதிப் பணம் அனுப்பினால் எடுத்துவிடுகிறோம்' என்று யாராவது தொலைபேசியில் பேசினால், அவர் காவல்துறை என்று சொன்னாலும் அனுப்பாதீர்கள்.

இனிமேல் விற்கும்போது, எக்ஸ்சேஞ்சில் சரிபார்க்கப்பட்ட பெயரும் பணம் வந்த கணக்கின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பாருங்கள். 'தம்பி கணக்கிலிருந்து அனுப்பினேன்' என்றால் யுஎஸ்டிடியை விடுவிக்காமல், மேல்முறையீட்டுப் பொத்தானை அழுத்தி, வந்த கணக்குக்கே பணத்தைத் திருப்புங்கள். ஒரே ஆர்டருக்கு மூன்று, நான்கு கணக்குகளிலிருந்து துண்டு துண்டாக வந்தாலும் அப்படியே. சம்பளமும் வீட்டுக் கடன் தவணையும் போகும் கணக்கை இந்த வியாபாரத்துக்குக் கொடுக்கவே வேண்டாம்.

பிட்காயின் மன்றம் ஒன்றில் 2013இல் தொடங்கிய பழைய கணக்கு, நல்ல பெயர். ஆனால் கணக்கையே விலைக்கு விற்கிறார்களாமே? இப்போது அதை வைத்திருப்பவர் பழைய ஆள்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?
(வாசகர், மதுரை)

விற்கிறார்கள், திருடவும் செய்கிறார்கள். பிட்காயின்டாக் என்ற மன்றத்தில் 2018 ஜனவரியில் 'மெரிட்' முறை (நல்ல பதிவுக்கு மற்ற உறுப்பினர்கள் தரும் புள்ளி) வந்ததற்கு ஒரு காரணமே, வெறுமனே பதிவுகள் போட்டுக் கணக்கை வளர்த்து விற்பதைக் கட்டுப்படுத்துவதுதான். பெயர் கைமாறிவிடும். நல்லவேளையாக, சாவியை (ஒரு முகவரியில் உள்ள பணத்தை நகர்த்தும் ரகசிய எண்ணை) வைத்துச் சரிபார்க்க வழி இருக்கிறது.

அவர் பல ஆண்டுகளுக்கு முன் பொதுவில் எழுதிவைத்த பிட்காயின் முகவரி ஒன்றைத் தேடி எடுங்கள். அந்தப் பதிவு பிற்பாடு திருத்தப்படவில்லை என்று பாருங்கள். வேறு யாராவது அதை மேற்கோள் காட்டியிருந்தால் இன்னும் நல்லது. பிறகு அந்த முகவரியின் சாவியால் ஒரு செய்தியில் கையெழுத்திடச் சொல்லுங்கள். செய்தியின் வாசகத்தை நீங்களே கொடுக்க வேண்டும்: இன்றைய தேதி, உங்கள் பெயர், எந்த வியாபாரம், எவ்வளவு தொகை. தேதி இல்லாவிட்டால் பழைய கையெழுத்தை ஒட்டிவிடுவார்கள். உங்கள் பெயர் இல்லாவிட்டால், நடுவில் நிற்கும் ஒருவர் உண்மையான ஆளிடம் வேறு சாக்குச் சொல்லி வாங்கிய கையெழுத்தை உங்களிடம் நீட்டுவார்.

எலெக்ட்ரம் வாலட்டில் (இந்தச் சாவிகளை வைத்திருக்கும் செயலி) 'டூல்ஸ்' பட்டியலில் கையெழுத்திடவும் சரிபார்க்கவும் இடம் இருக்கிறது. செய்தி, முகவரி, கையெழுத்து மூன்றையும் ஒட்டிச் சரிபாருங்கள். ஒரு இடைவெளியோ வரி முறிவோ மாறினாலும் தவறு என்றே காட்டும். அதை வைத்து உடனே மோசடி என்று முடிவுகட்டாதீர்கள். '1' என்று தொடங்கும் பழைய வகை முகவரி எல்லா வாலட்டிலும் பெரும்பாலும் ஒத்துப்போகும். 'பிசி1' என்று தொடங்கும் புதிய வகையில் ஒரு வாலட்டின் கையெழுத்தை இன்னொன்று ஏற்காமல் போவது சகஜம், அவர் பயன்படுத்திய அதே வாலட்டில் பாருங்கள். எக்ஸ்சேஞ்ச் கொடுத்த முகவரி என்றால் சாவி எக்ஸ்சேஞ்சிடம் இருப்பதால் அவரால் கையெழுத்திடவே முடியாது.

குழு அட்மின் தனிச் செய்தியில் வந்து 'கணக்கைச் சரிபார்க்க வேண்டும்' என்கிறார். உண்மையா?
(வாசகர், திருநெல்வேலி)

இல்லை. டெலிகிராமில் மேலே தெரியும் பெயரையும் படத்தையும் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். '@' குறியுடன் வரும் பயனர் பெயர் மட்டும்தான் ஒருவருக்கே உரியது. அதிலும் ஆங்கிலப் பெரிய 'ஐ'யும் சிறிய 'எல்'லும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். குழுவின் உறுப்பினர் பட்டியலில் அட்மின் என்று குறி உள்ள பெயரைத் தொட்டு, அங்கிருந்து நீங்களாகச் செய்தி அனுப்பிப் பாருங்கள். பழைய உரையாடல் திறக்காமல் புதிதாக ஒன்று திறந்தால், முதலில் வந்தவர் வேறு ஆள்.

பெரிய தொகைக்கு எஸ்க்ரோ (வியாபாரம் முடியும்வரை பணத்தை வைத்திருக்கும் நடுவர்) வைக்கலாம் என்கிறார் விற்பவர். எஸ்க்ரோ ஆளையும் அவரே சொல்கிறார்.
(வாசகர், சேலம்)

அவர் சொல்லும் ஆளும் அவராகவே இருக்கலாம். எஸ்க்ரோவை நீங்கள் தேர்ந்தெடுங்கள், அல்லது இருவரும் தனித்தனியாக மூன்று பேரை எழுதிப் பொதுவாக வரும் பெயரை எடுங்கள். மூவரும் சேர்ந்த அறையை விற்பவர் திறந்தால், அதில் சேரும் முன் எஸ்க்ரோ ஆளை வெளியே அவருடைய பொது முகவரியில் தொடர்புகொண்டு, 'இந்த அறையில் இருப்பது நீங்கள்தானா?' என்று கேளுங்கள்.

பிட்காயின் என்றால் மூன்றில் இரண்டு சாவி கேட்கும் மல்டிசிக் வாலட் மேல். உங்களுக்கு ஒன்று, விற்பவருக்கு ஒன்று, நடுவருக்கு ஒன்று. யாராவது இருவர் சேர்ந்தால்தான் பணம் நகரும். நடுவரால் தனியாக எடுத்துக்கொண்டு ஓட முடியாது. விற்பவரும் நடுவரும் ஒரே ஆளாக இருந்தால் மட்டும் இந்தப் பூட்டு வீண். பலர் தவறவிடுவது ஒன்று: அந்த வாலட்டை மீட்க இரண்டு பேருடைய சீட் (மீட்பு வார்த்தைகள்) மட்டும் போதாது, மூன்று பேருடைய பொதுச் சாவிகளும் வேண்டும். பணம் போடும் முன்பே மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

யாரோ ஒருவர் தன் வாலட்டின் 12 வார்த்தைகளை எனக்கே அனுப்பி, 'இதில் உள்ள யுஎஸ்டிடியை எடுக்க உதவுங்கள்' என்கிறார். வாலட்டில் பணம் இருப்பது தெரிகிறது!
(வாசகர், திருச்சி)

எலிப்பொறியிலும் மசால்வடை தெரியத்தான் செய்யும். யுஎஸ்டிடி ஓடும் வலைகளில் ஒன்றான டிரானில் அதை நகர்த்த, கட்டணத்துக்கு டிஆர்எக்ஸ் என்ற அந்த வலையின் நாணயம் வேண்டும். அந்த வாலட்டில் அது இருக்காது. நீங்கள் கொஞ்சம் போட்டால், நொடியில் ஒரு பாட் (தானாக ஓடும் நிரல்) அதை உறிஞ்சிவிடும். அல்லது அந்தக் கணக்கின் உரிமையை முன்பே வேறொரு முகவரிக்கு மாற்றியிருப்பார்கள்; 12 வார்த்தை இருந்தும் உங்களால் அசைக்க முடியாது. டிரான் கணக்குகளைப் பார்க்க உதவும் டிரான்ஸ்கேன் தளத்தில் அந்தக் கணக்கின் 'பர்மிஷன்' பகுதியைத் திறந்தால் வேறு முகவரி இருப்பது தெரியும்.

எனக்குத் தெரியாத முகவரியிலிருந்து சில்லறைத் தொகை வருகிறது. எதற்கு?
(வாசகி, சென்னை)

உங்கள் பரிவர்த்தனைப் பட்டியலில் தன் முகவரியைச் செருகுவதற்கு. நீங்கள் அடிக்கடி அனுப்பும் முகவரியைப் போலவே முதல் நாலைந்து எழுத்தும் கடைசி நாலைந்து எழுத்தும் அதில் இருக்கும். அடுத்த முறை பட்டியலிலிருந்து நகலெடுத்தால் அவருக்குப் போய்விடும். 2024 மே மாதம் ஒருவர் இப்படி 1,155 'ராப்ட்' பிட்காயினை (எத்தீரியம் வலையில் ஓடும் பிட்காயின் வடிவம்), சுமார் 6.8 கோடி டாலரை, தவறான முகவரிக்கு அனுப்பினார். அந்தப் பணம் பிறகு திரும்பி வந்தது அபூர்வம். வழக்கமான முகவரிகளை வாலட்டின் முகவரிப் புத்தகத்தில் சேமித்து அங்கிருந்தே எடுங்கள். நடு எழுத்துகளையும் பாருங்கள்.

ஏமாந்துவிட்டேன். அதை எழுதியதும் 'மீட்டுத் தருகிறோம்' என்று பலர் வருகிறார்கள்.
(வாசகர், ஈரோடு)

ஆடு நனைகிறதே என்று ஓநாய்கள் அழ வந்திருக்கின்றன. உறுதியான பரிவர்த்தனையை யாராலும் திருப்ப முடியாது. காசு போய்ச் சேர்ந்த எக்ஸ்சேஞ்சோ, யுஎஸ்டிடி என்றால் அதை வெளியிடும் டெதர் நிறுவனமோ முடக்கினால்தான் வழி உண்டு. அதற்குக் காவல்துறையின் கோரிக்கை வேண்டும். எனவே உடனே 1930, பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளம். ரூபாய் அனுப்பிய வங்கிப் பரிவர்த்தனை எண்ணையும், கிரிப்டோ போன முகவரியையும், பரிவர்த்தனை ஐடியையும் படமாக இல்லாமல் எழுத்தாகவே கொடுங்கள். படத்திலிருந்து 34 எழுத்து முகவரியைத் தட்டச்சு செய்பவர் ஓர் எழுத்தைப் பிசகினாலும் தேடல் நின்றுவிடும். 'கிரிப்டோவுக்குச் சட்டமே இல்லை' என்று யாராவது திருப்பி அனுப்பினால், கிரிப்டோ ஒரு சொத்துதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் சொல்லியிருப்பதை எடுத்துக்காட்டுங்கள்.

ஏமாற்றியவரைக் குழுவில் அம்பலப்படுத்தலாமா?
(வாசகர், தஞ்சாவூர்)

அம்பலப்படுத்தலாம், ஆனால் திட்டி எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். அவருடைய பயனர் பெயரும் மாறாத டெலிகிராம் கணக்கு எண்ணும், பேசிய தொகை, அனுப்பிய தேதி, நேரம், பரிவர்த்தனை ஐடி, உரையாடல் முழுவதும் என்ற வரிசையில் எழுதுங்கள். உங்களுக்குச் சாதகமான துண்டுகளை மட்டும் வெட்டிப் போட்டால் மீதியை அவர் போடுவார், பழி உங்கள் மேல் திரும்பும். எழுதும் முன் அவருடைய பழைய பதிவுகளைக் காப்பகத் தளத்தில் சேமித்துவிடுங்கள்; புகார் வந்ததும் முதலில் அழிவது அவைதான். டெலிகிராமில் 'இருவருக்கும் அழி' என்று ஒரு பொத்தான் இருப்பதால், சண்டை தொடங்கும் முன்பே கணினிச் செயலியில் உரையாடலை ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள். அவர் வீட்டு முகவரி, ஆதார், குடும்பப் படம் எதையும் போடாதீர்கள். அவற்றைக் காவல்துறைக்கு மட்டும் கொடுங்கள். அவர் காட்டிய அடையாள அட்டை, அவரிடம் இதற்கு முன் ஏமாந்த இன்னொருவருடையதாகவே இருக்கக்கூடும்.