கடைசி வரிசையில் யார் உட்காரப் போகிறார்கள்? – மூன்று வரிசைக் குடும்ப வண்டி குறித்த கேள்வி பதில்

ஏழு பேர் அமரும் குடும்ப வண்டியைத் தேர்ந்தெடுப்பது பற்றி வந்த கேள்விகளில், ஒரே பொருளைக் கேட்டவற்றைச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பதினெட்டு ஆண்டுகள் கார் பணிமனை ஒன்றில் சர்வீஸ் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதாலும், என் வீட்டு வாசலிலும் மூன்று வரிசை வண்டியே நிற்பதாலும், விளம்பரத் தாளில் இல்லாத சிலவற்றையும் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

கேள்வி (கும்பகோணம்): நானும் மனைவியும், பதினொன்று மற்றும் ஆறு வயதுப் பிள்ளைகளும், என் பெற்றோருமாக ஆறு பேர். வேன் போல் தெரியாமல் எஸ்யூவி தோற்றத்தில், இடவசதியோடு ஒரு வண்டி வேண்டும். எக்ஸ்யூவி700, சஃபாரி, அல்கஸார், கேரன்ஸ், இன்னோவா ஹைகிராஸ் ஆகிய ஐந்துக்கும் நடுவே குழம்பி நிற்கிறேன். எதை வாங்கலாம் ஐயா?

பதில்: வண்டியின் வெளித்தோற்றத்தைப் பார்த்து உள்ளே இருக்கும் இடத்தைக் கணக்கிடாதீர்கள். எக்ஸ்யூவி700 வண்டியின் நீளம் 4,695 மில்லிமீட்டர். முதலில் வந்த கேரன்ஸின் நீளம் 4,540 மட்டுமே. ஆனால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரம், அதாவது வீல்பேஸ், எக்ஸ்யூவி700-இல் 2,750 ஆகவும் கேரன்ஸில் 2,780 ஆகவும் இருக்கிறது. நீளமான பானெட்டுக்குச் செலவாகும் இடம் பார்ப்பதற்குக் கம்பீரமாக இருக்குமே தவிர, உங்கள் அம்மாவின் முழங்காலுக்குப் பயன்படாது. சஃபாரிக்கு 2,741, அல்கஸாருக்கு 2,760, ஹைகிராஸுக்கு 2,850 என்பதையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டால், கடைசி வரிசையில் பெரியவர்கள் உண்மையாகவே உட்காரக்கூடிய வண்டி எது என்பது ஓரளவு தெளிவாகிவிடும்.

எனினும் எண்கள் பாதி உண்மையைத்தான் சொல்லும். கால் நீட்ட இடம் இருந்தாலும், கடைசி சீட்டுக்குக் கீழே தரை உயர்ந்திருந்தால் முழங்கால் மார்புக்கு நேராக எழும்பிவிடும். தொடைக்குத் தாங்கல் இராது. அரை மணி நேரத்தில் இடுப்பு வலிக்கத் தொடங்கும். ஆகவே ஷோரூமில் நீங்கள் முதலில் உட்கார வேண்டிய இடம் ஓட்டுநர் சீட் அன்று. முன் சீட்டை உங்கள் வசதிக்கு நகர்த்திவிட்டு, அதற்குப் பின்னால் நடுவரிசையில் உட்கார்ந்து அதையும் உங்கள் வசதிக்கு வைத்துவிட்டு, பிறகு கடைசி வரிசைக்குப் போய்க் கதவை மூடச் சொல்லிப் பதினைந்து நிமிடம் உட்காருங்கள். விற்பனையாளர் நடுவரிசையை முழுவதும் முன்னே தள்ளிவைத்துக் காட்டும் இடத்தை நம்ப வேண்டாம்.

உங்கள் ஆறு பேரும் மாதந்தோறும் சேர்ந்து பயணம் செய்வீர்கள் என்றால், விலை கட்டுப்படியானால் ஹைகிராஸ் என்பேன்; அது எஸ்யூவி சட்டை போட்ட இன்னோவாதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆண்டுக்கு நான்கைந்து முறைதான் ஆறு பேர் என்றால் கேரன்ஸோ அல்கஸாரோ போதும். பெரும்பாலும் நான்கு பேராக நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் ஓட்டுகிறீர்கள், கடைசி வரிசை பிள்ளைகளுக்கு மட்டுந்தான் என்றால், வலுவான டீசல் இன்ஜின் உள்ள எக்ஸ்யூவி700 அல்லது சஃபாரியைப் பார்க்கலாம்.

கேள்வி (மதுரை): நடுவரிசையில் தனித்தனியான கேப்டன் சீட் வாங்குவதா, மூன்று பேர் உட்காரும் பெஞ்ச் சீட் வாங்குவதா? வீட்டில் ஆறு பேர்தான் என்பதால் கேப்டன் சீட்டே சரி என்று மனைவி சொல்கிறார்.

பதில்: ஆறு பேர் இருக்கும் வீட்டுக்கு ஆறு சீட் வண்டி என்பது கேட்கச் சரியான கணக்காகத் தோன்றும், பெட்டிகளை ஏற்றும்போதுதான் அந்தக் கணக்கு பிசகும். கேப்டன் சீட் வண்டியில் ஆறு பேரும் இரண்டு, இரண்டு, இரண்டாகத்தான் உட்கார முடியும். அப்போது கடைசி வரிசை முழுவதும் நிமிர்ந்து நிற்கும், அதன் பின்னால் மிஞ்சும் டிக்கி சிறியது. பெஞ்ச் சீட் வண்டியில் நடுவில் மூன்று பேர், கடைசியில் ஒருவர் என்று உட்காரலாம். கடைசி வரிசை இரண்டு பாதிகளாக மடிவதால், ஒரு பாதியை மடித்து அந்த இடத்தில் தரையிலிருந்து மேல்வரை பெட்டிகளை அடுக்கிக்கொள்ளலாம்.

நடுவரிசையில் மூவர் நெருக்கமில்லாமல் உட்கார அகலம் வேண்டும். சஃபாரியின் அகலம் 1,922 மில்லிமீட்டர், கேரன்ஸின் அகலம் 1,800. அந்த வேறுபாடு மூன்று பெரியவர்களின் தோள்களில் நன்றாகவே தெரியும். அதே வேறுபாடு, மாசி வீதிகளில் எதிரே ஓர் ஆட்டோ வரும்போதும் தெரியும் என்பதை மதுரைக்காரரிடம் நான் சொல்ல வேண்டியதில்லை.

கேப்டன் சீட்டுக்கும் ஒரு நியாயம் உண்டு. இரண்டு சீட்டுகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி வழியாகப் பிள்ளைகள் பின்வரிசைக்குப் போய்விடலாம். நடுவரிசையில் இருக்கும் முதியவரை எழுப்பிச் சீட்டை மடிக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் எந்தச் சிரமம் அடிக்கடி வருகிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி (திருநெல்வேலி): டிக்கியின் கொள்ளளவு 200 லிட்டருக்கு மேல் என்று போட்டிருக்கிறார்கள். ஏழு பேருக்கான பெட்டிகள் அதில் வைக்க முடியுமா?

பதில்: முடியாது. எல்லா சீட்டுகளும் நிமிர்ந்திருக்கும்போது எர்டிகாவில் 209 லிட்டர், கேரன்ஸில் 216 லிட்டர். கேட்கப் பெரிதாக இருந்தாலும் அந்த இடம் ஆழமற்றது, உயரமானது. சுவரோடு ஒட்டிய அலமாரியைப் போன்றது. சென்ற ஆண்டு என் மைத்துனருக்காக ஷோரூமுக்குப் போனபோது வீட்டிலிருந்தே இரண்டு டிராலி பெட்டிகளையும் ஒரு தூக்குப் பையையும் கொண்டுபோனேன். விற்பனை செய்யும் பையன் கடைசி வரிசையை மடித்துவைத்து, “பாருங்கள் சார், கட்டிலே போடலாம்” என்றான். நிமிர்த்தச் சொன்னேன். நடுத்தர அளவுப் பெட்டியைப் படுக்க வைத்தபோது அதன் சக்கரங்கள் இரண்டும் நான்கு விரல் அகலத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கதவு அதில் இடித்துத் திரும்பி மேலே போனது. நிற்கவைத்தபோது இரண்டு பெட்டிகளும் உள்ளே அடங்கின, ஆனால் தூக்குப் பை கடைசியில் மைத்துனரின் மடிக்குத்தான் போனது.

கூரையில் கேரியர் போடலாம் என்று உடனே சொல்வார்கள். கூரை எவ்வளவு எடை தாங்கும் என்பது வண்டியோடு தரும் கையேட்டில் இருக்கும். அதற்கு மேல் ஏற்றினால் வளைவுகளில் வண்டி சாயும். ஆளுக்கு 65 கிலோ என்று வைத்தாலும் ஏழு பேர் 455 கிலோ, அதற்கு மேல்தான் சாமான்களின் எடை. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் டயர் காற்றழுத்தம் குறைந்த சுமைக்கு ஒன்றும் முழுச் சுமைக்கு ஒன்றுமாக அச்சிட்டிருப்பார்கள். பணிமனையில் இருந்த காலத்தில், முழுச் சுமையோடு ஊருக்குப் போவதற்கு முன் அந்த இரண்டாவது எண்ணைப் பார்த்துக் காற்று அடித்துக்கொண்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கேள்வி (காரைக்குடி): என் தாயாருக்கு 74 வயது, இரண்டு முழங்கால்களிலும் வலி. உயரமான வண்டியில் ஏற முடியுமா அண்ணா?

பதில்: அவர்களை அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள், இதற்கு வேறு வழியே கிடையாது. பார்க்க வேண்டியவை இரண்டு: கதவுக்குக் கீழே கால் வைத்து ஏறும் விளிம்பின் உயரமும், சீட்டின் உயரமும். வீட்டு நாற்காலியைவிடச் சற்றே உயரமான சீட் என்றால் பின்னால் நகர்ந்து உட்கார்ந்து காலை உள்ளே எடுத்துக்கொள்ளலாம். தாழ்வான காரில் இறங்கி உட்காருவதைவிட இது முழங்காலுக்கு எளிது. இடுப்புக்கு மேலே சீட் இருந்தால்தான் தொல்லை.

ஸ்கார்பியோ-என் போன்ற வண்டிகள் தனிச் சாஸியின், அதாவது அடிச்சட்டத்தின் மேல் உடலை ஏற்றிக் கட்டப்பட்டவை. ஆகவே தரை உயரம், ஏறுவதும் கடினம். கரடுமுரடான பாதைக்கும் தோட்டத்து வேலைக்கும் அவை உகந்தவை. உங்கள் தாயாருக்கு அல்ல. உடலும் சாஸியும் ஒன்றாக அமைந்த மோனோகாக் வண்டிகளில் தரை தாழ்வாக இருக்கும். மேலே பிடித்து ஏறக் கைப்பிடி இருக்கிறதா என்று பாருங்கள். பக்கவாட்டில் படிக்கட்டு பொருத்துவது பிறகு. எப்படியானாலும் அவரைக் கடைசி வரிசைக்கு அனுப்பாதீர்கள்.

கேள்வி (நாமக்கல்): கொல்லிமலைக்குப் போனால் பின்வரிசையில் உட்காரும் என் மகள் ஒவ்வொரு முறையும் வாந்தி எடுக்கிறாள். நல்ல வண்டி வாங்கினால் இது நிற்குமா?

பதில்: எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதையில் முற்றிலும் நிற்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது, ஆனால் குறைக்கலாம். கடைசி வரிசை பின் அச்சுக்கு நேர் மேலேயோ அதற்குச் சற்றுப் பின்னாலோ இருப்பதால், ஒவ்வொரு குலுக்கலும் அசைவும் அங்கேதான் பெரிதாகத் தெரியும். ஜன்னலும் சிறியது, முன்னே சாலை தெரியாது. காது அசைவை உணர, கண் அசையாத சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டுக்கும் ஒத்துப்போகாததால் குமட்டுகிறது. மகளை நடுவரிசையில், முன் கண்ணாடி வழியாகச் சாலை தெரியும்படி உட்காரவையுங்கள். கைப்பேசியை வாங்கி வைத்துவிடுங்கள்.

புதிய வண்டி பார்க்கும்போது, கடைசி வரிசைக்கென்று தனி ஏசி துவாரம் இருக்கிறதா, காற்று அங்கே முகத்தில் படுகிறதா என்று நண்பகல் வெயிலில் சோதியுங்கள். மாலை ஆறு மணிக்கு எல்லா ஏசியும் நன்றாகத்தான் குளிரும்.

கேள்வி (கோயம்புத்தூர்): மாதம் 900 கிலோமீட்டர், பெரும்பாலும் நகருக்குள். பெட்ரோலா, டீசலா, ஹைபிரிடா?

பதில்: டீசல் வேண்டாம். பி.எஸ்.6 என்னும் புகை மாசு விதிப்படி வரும் இப்போதைய டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. அது சூடேறித் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள நெடுஞ்சாலையில் சீரான ஓட்டம் தேவை, காந்திபுரத்துக்கும் ஆர்.எஸ்.புரத்துக்கும் இடையிலேயே ஓடினால் அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும். பணிமனைக்கு அந்த விளக்கோடு வந்த வண்டிகள் பெரும்பாலும் பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் ஓடியவையே.

பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் நகருக்குள் நன்றாக மிச்சம் பிடிக்கும், ஆனால் உங்கள் ஓட்டத்துக்குக் கணக்கு உதைக்கிறது. ஆண்டுக்கு 10,800 கிலோமீட்டர். சாதாரண பெட்ரோல் லிட்டருக்கு 11, ஹைபிரிட் 18 கொடுக்கும் என்று வைத்துக்கொண்டால் மிஞ்சுவது ஏறக்குறைய 380 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்றால் 38,000 ரூபாய். இரண்டுக்கும் விலை வேறுபாடு ஐந்து லட்சம் என்றால் அதை மீட்கப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகும். மாதம் 2,500 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அதே தொகை ஐந்து ஆண்டுக்குள் திரும்பிவிடும். ஓசையில்லாத ஓட்டத்துக்காக வாங்குகிறேன் என்றால் அது வேறு. அதற்கு நான் கணக்குக் கேட்க மாட்டேன்.

கேள்வி (சென்னை): ஐந்து நட்சத்திரம் பெற்ற வண்டி என்றால் மூன்று வரிசைக்கும் பாதுகாப்புதானே?

பதில்: அப்படிப் பொருள்கொள்ளக் கூடாது. வண்டியை மோதவிட்டு நட்சத்திரம் கொடுக்கும் குளோபல் என்கேப் சோதனையிலும், 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் சோதனையிலும் பெரியவர் பொம்மைகள் முன்வரிசையிலும், குழந்தை பொம்மைகள் நடுவரிசையிலும் வைக்கப்படுகின்றன. கடைசி வரிசையில் பொம்மை கிடையாது. நட்சத்திரம் அவசியம் பாருங்கள்: 2023-இல் சஃபாரி பெரியவர், குழந்தை இரண்டு பிரிவிலும் ஐந்து பெற்றது, 2021-இல் எக்ஸ்யூவி700 பெரியவர் பிரிவில் ஐந்தும் குழந்தைப் பிரிவில் நான்கும் பெற்றது, 2022-இல் கேரன்ஸ் மூன்று பெற்றது. அதற்கு மேல், ஜன்னலோரம் விரியும் கர்ட்டன் ஏர்பேக் கடைசி வரிசைவரை நீள்கிறதா, அங்கே தலைதாங்கியும் தோளின் குறுக்கே வரும் சீட் பெல்ட்டும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து பின்பக்கக் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தால், தலைக்கும் கண்ணாடிக்கும் எவ்வளவு தூரம் என்பது தெரியும்.

குழந்தை சீட்டைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் பெரும்பாலும் நடுவரிசையின் இரு ஓரங்களில்தான் இருக்கும். அங்கே சீட்டைப் பொருத்திவிட்டால் அந்தப் பக்கத்துச் சீட்டை மடித்துப் பின்னால் போக முடியாது. ஆகவே மறுபக்கச் சீட் மடிகிறதா என்று பாருங்கள். பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் அழைத்துச் சென்றால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி ஆயிரம் ரூபாய் அபராதம் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

கேள்வி (சேலம்): நான் பார்த்திருக்கும் வண்டியில் ஒரு வேரியண்ட் 19.80 லட்சம், அடுத்தது 20.30 லட்சம். ஐம்பதாயிரம்தானே, மேலே போய்விடலாமா?

பதில்: ஐம்பதாயிரம் அல்ல, ஏறக்குறைய ஒரு லட்சம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றியமைக்கப்பட்ட ஆயுள்கால சாலை வரி, பத்து முதல் இருபது லட்சம் வரையிலான கார்களுக்கு 18 சதவீதம், இருபது லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம். முதல் வண்டிக்கு வரி 3,56,400 ரூபாய், இரண்டாவதற்கு 4,06,000. மேல் வேரியண்டில் கூடுதலாகக் கிடைப்பது கூரைக் கண்ணாடி மட்டும் என்றால், நம் வெயிலுக்கு அதன் திரையை மூடியே வைத்திருப்பீர்கள். கர்ட்டன் ஏர்பேக்கோ கடைசி வரிசை ஏசியோ கிடைக்கிறது என்றால் மட்டும் கொடுங்கள்.