குடலில் நாள்பட்ட அழற்சியையும் புண்ணையும் உண்டாக்கும் கிரோன் நோய்க்குக் குடலை வெட்டிய பிறகு, மறுபடியும் அறுவை சிகிச்சை தேவைப்படுமா என்று முன்பே சொல்ல முடியுமா?

எப்போது வரும் என்று ஜோசியம் சொல்ல முடியாது; யாருக்கு வர வாய்ப்பு அதிகம் என்று சொல்ல முடியும். எனக்குச் சிறுகுடலின் கடைசிப் பகுதியையும் பெருங்குடலின் தொடக்கத்தையும் நீக்கி இணைத்திருக்கிறார்கள். ஆகவே இந்தக் கேள்வியோடுதான் குடித்தனம் நடத்துகிறேன்.

வலி போய்விட்டது, எடை ஏறுகிறது, பழையபடி சாப்பிட முடிகிறது என்பதையெல்லாம் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பெல்ஜியத்தின் லூவன் நகரில் ரூட்கீர்ட்ஸ் குழுவினர் 1990இல் வெளியிட்ட ஆய்வில், அறுவைக்குப் பின் ஓராண்டுக்குள் 73 சதவீதம் பேருக்கு இணைப்புக்கு மேலுள்ள சிறுகுடலில் புண் திரும்பியிருந்தது. தொந்தரவு தெரிந்தது 20 சதவீதம் பேருக்குத்தான். நோய் சத்தம் போடாமல் வேலையைத் தொடங்கிவிடுகிறது.

புண் எந்த அளவு திரும்பியிருக்கிறது என்று குறிக்க அவர்கள் வகுத்த ஐ0 முதல் ஐ4 வரையிலான மதிப்பெண்தான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. என் கொலோனோஸ்கோப்பி (கேமரா பொருத்திய குழாயைக் குடலுக்குள் விட்டுப் பார்க்கும் சோதனை) அறிக்கையில் ஐ1 என்று எழுதியிருந்தார்கள். ஐந்துக்கு மேற்படாத சின்னஞ்சிறு புண்கள் என்று பொருள். ஐ3, ஐ4 என்றால் புண் பரவலாக இருக்கிறது. மருந்தை வலுப்படுத்தாவிட்டால் தொந்தரவு திரும்ப அதிக நாள் ஆகாது. சோதனை மயக்கத்திலேயே முடிந்துவிடும். குடலைச் சுத்தம் செய்ய முந்தின இரவு குடிக்க வேண்டிய அந்த உப்புக் கரைசல்தான் கொடுமை.

பார்ப்பதால் பயன் உண்டா? உண்டு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மருத்துவமனைகளில் நடந்த, 2015இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், ஆறாம் மாதமே கொலோனோஸ்கோப்பி செய்து, தேவைப்பட்டவர்களுக்கு மருந்தைக் கூட்டினார்கள். பதினெட்டாம் மாதத்தில் அவர்களில் 49 சதவீதம் பேருக்கே புண் திரும்பியிருந்தது; அப்படிச் செய்யாதவர்களில் 67 சதவீதம்.

புகைபிடிப்பது, ஏற்கெனவே ஒருமுறை குடலை வெட்டியிருப்பது, குடலில் ஓட்டை விழுந்தோ ஃபிஸ்டுலா (குடலிலிருந்து வேறு உறுப்புக்கோ தோலுக்கோ உண்டாகும் தவறான வழி) உண்டாகியோ அறுவைக்கு வந்தது, இவை ஆபத்தைக் கூட்டும். இவற்றில் நம் கையில் இருப்பது சிகரெட் ஒன்றுதான். அறுவைக்குப் பிறகும் அதை விடாதவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு.

இடைப்பட்ட மாதங்களில் மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற, குடல் அழற்சியைக் காட்டும் புரதத்தின் அளவைப் பார்ப்பது உதவும். கூச்சப்பட ஒன்றுமில்லை. குறைவாக இருந்தால் ஓரளவு நிம்மதி. ஏறினால் கொலோனோஸ்கோப்பியைத் தள்ளிப்போடக் கூடாது.

உங்கள் மருத்துவர் ஆறாம் மாதச் சோதனையைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை என்றால் நீங்களே எடுங்கள். போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியையும் பயாப்ஸி அறிக்கையையும் கையோடு கொண்டுபோங்கள். எத்தனை சென்டிமீட்டர் குடல் நீக்கப்பட்டது என்று முதலில் அதைத்தான் கேட்பார்கள்.