வீட்டைக் கேளுங்கள்: மூன்றரை வருடத்தில் விரிசல்

கேள்வி: 24 வீடுகள் உள்ள அடுக்குமாடியில் குடியேறி மூன்றரை வருடம் ஆகிறது. படுக்கையறை சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் ஓடுகிறது. குளியலறைச் சுவரின் மறுபக்கம் ஓதம் ஏறி பெயின்ட் உரிகிறது. 'ஒரு வருஷம்தான் எங்க பொறுப்பு' என்கிறார் பில்டர். அக்ரிமென்டிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. நாங்களே செலவு செய்துகொள்ள வேண்டியதுதானா?
- ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: கொத்தனாரைக் கூப்பிட அவசரப்படாதீர்கள் அம்மா. பூசி மறைத்துவிட்டால் உங்கள் கையிலிருக்கும் சாட்சி போய்விடும்.

'ஒரு வருஷம்' என்பது பழைய கணக்கு. 2016-ஆம் வருட ரெரா சட்டத்தில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில், 14(3) பிரிவைப் பாருங்கள். வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள், கட்டுமானத்திலோ வேலைத் தரத்திலோ குறை இருப்பதை நீங்கள் தெரியப்படுத்தினால், பில்டர் 30 நாளுக்குள் காசு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும். செய்யாவிட்டால் நஷ்டஈடு கேட்கலாம். அக்ரிமென்டில் பொடி எழுத்தில் எதைப் போட்டிருந்தாலும் அந்த ஐந்து ஐந்துதான்.

எல்லோரும் கோட்டை விடுவது 'தெரியப்படுத்தினால்' என்ற இடத்தில். நானும் விட்டேன். பொதுப்பணித்துறையில் முப்பது வருடம் அளவுப் புத்தகம் எழுதியவன், சொந்த வீட்டு ஒழுகலுக்கு எட்டு மாதம் போனிலேயே பேசிக்கொண்டிருந்தேன். 'வியாழக்கிழமை ஆள் வருது சார்.' எத்தனை வியாழன்! கடைசியில் காட்டுவதற்கு ஒரு துண்டுச் சீட்டு என்னிடம் இல்லை.

நீங்கள் இன்றைக்கே விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் குறுக்கே கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். ஒரு மாதத்தில் விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால், 'வெறும் பூச்சு வெடிப்பு' என்று அவர் தள்ளிவிட முடியாது. ஆனால் கடிதத்துக்கு அந்த ஒரு மாதம் காத்திருக்க வேண்டாம். பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து, சாவி வாங்கிய தேதி உள்ள கடிதத்தின் நகலோடு, ஒப்புகை கேட்டு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். 30 நாளில் அசையவில்லையா, அந்தச் சட்டப்படி அமைந்த தமிழ்நாடு ரெரா ஆணையத்தில் புகார் கொடுங்கள். மேல்வீட்டிலும் ஓதம் இருந்தால் அவர்களையும் தனியாக எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: ஃபிளாட் புக் செய்ய, ஒப்பந்தம் போடும் முன்பே 20 சதவீதம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: 10 சதவீதத்துக்கு மேல் ஒரு ரூபாய் வாங்குவதென்றாலும் முதலில் விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்தாக வேண்டும். அதே சட்டம், 13-ஆம் பிரிவு. 'ஆஃபர் ஞாயிற்றுக்கிழமையோட முடியுது' என்பார்கள். முடியட்டும்.