14 மாதக் குழந்தைக்குத் திரும்பத் திரும்பக் காதுவலி: தலைக்கு ஊற்றலாமா?

தாராளமாக ஊற்றலாம். இந்த மழைக்காலத்தில் மூன்றாம் முறை என்கிறீர்கள், ஆனால் செவிப்பறை கிழியாமல் இருக்கும்வரை குளிக்கிற தண்ணீர் அதைத் தாண்டி உள்ளே போகாது.

சளிதான் காரணமாக இருக்கும். மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்குப் போகும் குழாய் இந்த வயதில் குட்டை, கிட்டத்தட்டப் படுக்கை வாட்டம், அதனால் ஒவ்வொரு சளிக்கும் உள்ளே நீர் தேங்கிவிடுகிறது.

ராத்திரி பால் புட்டியை வாயில் வைத்தபடியே படுத்துத் தூங்குகிறதா என்று பாருங்கள். மடியில் தலையை உயர்த்தி வைத்துக் கொடுங்கள். அப்புறம் புகை. யாங்கோன் அடுக்குமாடியில் ஜன்னலோரம் நின்று சுருட்டு பிடித்தாலும் புகை வீட்டுக்குள்தான் வரும், தாத்தாவே ஆனாலும் கீழே போய்ப் பிடிக்கட்டும். குளித்ததும் போடும் சாம்பிராணியும் வேண்டாம்.

பூண்டு காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடவே விடாதீர்கள். சீழ் வடிந்தால் செவிப்பறை கிழிந்திருக்கலாம், அப்போது டாக்டரிடம் காட்டுங்கள், ஆறும்வரை காதில் தண்ணீர் படக்கூடாது.

6 மாதத்தில் 3 முறை வந்துவிட்டால், உங்கள் குழந்தைக்கு இப்போது வந்திருப்பதுபோல, காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்து, கேட்கும் திறனையும் சோதிக்கச் சொல்லுங்கள். காதுக்குப் பின்னால் சிவந்து வீங்கினால் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.