யூரியாத் தொகுதியை நிறுத்திய லொறி வாங்கலாமா?

கேள்வி: ஐயா, மருதனார்மடத்தில் இருந்து கொழும்புக்கு வெங்காயமும் மரக்கறியும் ஏற்றுகிறேன். பாவித்த லொறி ஒன்று பார்த்திருக்கிறேன், புகையைச் சுத்திகரிக்க யூரியாத் திரவம் ஊற்றும் மொடல். அந்தத் தொகுதியைக் கராஜில் நிறுத்திவிட்டார்களாம். "திரவச் செலவும் இல்லை, டீசலும் மிச்சம்" என்கிறார் விற்பவர். வாங்கலாமா?
– சுன்னாகம் வாசகர்

பதில்: டீசல் மிச்சம் என்ற பேச்சை நம்பாதீர்கள்.

டீசல் எஞ்சினுக்குள் எரிதல் சூடாக நடந்தால் சிக்கனம்; ஆனால் நைதரசன் ஒட்சைட்டு என்ற நச்சு வாயு பெருகும். எரிந்த புகையில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே விட்டால் சூடு தணியும், கரியும் டீசல் செலவும் கூடும். நீங்கள் பார்த்த லொறியைச் செய்தவர்கள் வேறு வழி பிடித்தார்கள். எஞ்சினைச் சூடாகவே ஓடவிட்டு, வெளியேறும் புகையில் யூரியாத் திரவத்தைத் தெளித்து, அந்த நஞ்சை நைதரசனாகவும் நீராவியாகவும் மாற்றுகிறார்கள். ஆக, டீசல் சிக்கனம் எஞ்சினிலேயே இருக்கிறது. தொகுதியை நிறுத்தினால் மிஞ்சுவது திரவக் காசு மட்டும்.

அது எவ்வளவு? பொதுவாக டீசலில் நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு. கொழும்புக்குப் போய்வர ஏறத்தாழ 800 கிலோமீற்றர். லீற்றருக்கு 4 கிலோமீற்றர் ஓடினால் 200 லீற்றர் டீசல், 6 முதல் 10 லீற்றர் திரவம். இதற்காக, லொறிக்குப் பின்னால் நின்று மூட்டை ஏற்றும் பெடியளின் மூச்சில் நஞ்சைக் கலக்க எனக்கு மனமில்லை. உங்களுக்கும் இருக்காது என்றே நினைக்கிறேன்.

புகைப் பரிசோதனைச் சான்றிதழைக் காட்டினாலும் மயங்காதீர்கள். டீசல் வாகனத்துக்கு அங்கே அளப்பது புகையின் கருமையை. நைதரசன் ஒட்சைட்டு கண்ணுக்கே தெரியாது.

விற்பவர் தொகுதியைத் திருத்தித் தந்தால் மட்டும் மேலே பேசுங்கள். திருத்திய பிறகு யூரியாத் திரவத் தொட்டியை வாய்வரை நிரப்பி, பாரம் ஏற்றிக் கிளிநொச்சி போய் வாருங்கள். திரும்பவும் ஒரு லீற்றரளவாவது பிடிக்கவேண்டும். துளியும் குறையவில்லை என்றால் தொகுதி வேலை செய்யவில்லை. சாவி போட்டதும் டாஷ்போர்ட்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்து அணைகிறதா என்றும் பாருங்கள்; எரியவே இல்லையென்றால் யாரோ கைவைத்திருக்கலாம்.

இன்னொன்று. தோட்டத்துக்குப் போடும் யூரியாவைக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்து ஊற்றச் சொல்வார்கள். ஒருபோதும் செய்யாதீர்கள். எங்கள் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறியது. கேத்திலின் அடியில் படியும் அதே வெள்ளை, புகையைச் சுத்திகரிக்கும் பகுதியிலும் படிந்து அதை அடைத்துவிடும். அதை மாற்றும் செலவு, பல வருடத் திரவக் காசை விழுங்கும். முத்திரை உடையாத கலனாக வாங்கி, வெயில் படாமல் வையுங்கள்.